வாய் திறக்காத பாட்டுக்காரி

பல்லாவரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் வளர்ந்த நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அறுபதுகளின் பின்பாதியில், தேர்தலுக்கு முந்தைய ஒரு தை மாதத்தில், தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தை ஒட்டிய சுவரில் ஒரு நாடகப் போஸ்டர் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? இல்லை என்பீர்கள். பரவாயில்லை. உங்களுக்கு மாத்திரைகளின் பெயர் ஞாபகம் இருந்தால் போதும், மீதியை நான் சொல்கிறேன்.

நாடகப் போஸ்டர் என்றால் அப்போது எப்படி இருக்கும்? தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்திப் பேசுபவர், ஒலிபெருக்கி தந்து உதவியவர், பந்தல் போட்டவர், கடைசியில் நன்றி சொல்பவர். இத்தனை பேரும் இடம் பிடித்து உட்கார்ந்த பிறகு, மூலையில் எங்காவது நாடகத்தின் பெயர் நின்றுகொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய காகிதத்தில் ஒரு விரற்கடை சும்மா கிடந்தாலும் ஏமாந்துவிட்டதாக நினைத்த காலம் அது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் காலனி மன்றம் போட்ட போஸ்டர்களும் அந்த ரகம்தான். மன்றத்துக்கு அப்பா செயலாளர்.

அந்த வருஷம் பொங்கலுக்கு வசனமே இல்லாத நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. முழுக்க முழுக்கப் பாட்டு. காலனியில் இருந்த பாங்க் சார் ஒருவர் எழுதி, மெட்டும் போட்டிருந்தார். பெயர் ‘அக்கரைக் குரல்’. ஆற்றில் வெள்ளம் வரும்போது இருட்டில் கரை எது என்று ஓடக்காரர்களுக்குத் தெரிவதற்காகத் தினமும் கரையில் உட்கார்ந்து பாடுகிற ஒரு பெண்ணின் கதை. அனகாபுத்தூர்ப் பக்கம் அடையாறு பொங்கி வந்ததைப் பார்த்துவிட்டு வந்து எழுதினாராம்.

போஸ்டரைச் சித்தி வரையட்டும் என்று சொன்னது அம்மா. சித்தி, அம்மாவின் தங்கை. தென்காசிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ஓவியப் பரீட்சைகளை எல்லாம் தேறியிருந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் டிராயிங் டீச்சர் இடம் காலியாகும், அவளுக்கே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதுவரை காத்திருக்க வேண்டும். ஊரில் இருந்த மாமா, அம்மாவின் அண்ணன், அதற்குள் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ரைஸ் மில்காரர். வீட்டுப் பெண்கள் வேலைக்குப் போகிற வழக்கம் தங்களுக்கு இல்லை என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஊருக்குப் போனால் சித்தி திரும்பி வரமாட்டாள், பிரஷ்ஷையும் தொடமாட்டாள் என்பது பத்து வயதுப் பெண்ணான எனக்கே விளங்கியிருந்தது. அவள் எங்களோடு இருப்பதும் போவதும் அப்பாவின் ஒரு வார்த்தையில் இருந்தது.

முதலில் சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு மார்க்கெட் தெருவில் இருந்த அச்சகத்துக்குப் போனாள். உள்ளே மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாசனை. அந்த வாசனைக்காக நான் இன்றைக்கும் எந்த அச்சகத்தைக் கடந்தாலும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன். நீலமும் மஞ்சளும் வேண்டும் என்றாள் சித்தி. அச்சகக்காரர் மிஷினை நிறுத்தாமலே பேசினார்.

“எலெக்‌ஷன் வந்துகினு கீதும்மா. கறுப்பும் செவப்பும்தான் மிஷின்ல ஏறி கீது. உனக்கோசரம் அத்தைக் கழுவிட்டு நீலம் ஏத்தினா எனக்கு அரை நாள் பூடும். இந்த ரெண்டுல போட்டுக்கோ, இல்லாங்காட்டி தேர்தல் முடிஞ்சு வா.”

சித்தி முகத்தைச் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கிடைத்த இரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு படத்தை யோசிக்க ஆரம்பித்தாள்.

யோசித்து முடித்ததும் மன்றத்துக்காரர்களை அப்பா வீட்டுக்கு அழைத்தார். சித்தி கலர் சாக்பீஸாலும் கரித்துண்டாலும் வரைந்த மாதிரியை முன் அறையில் நாற்காலி மேல் சாய்த்து வைத்தாள். காகிதத்தின் மேல்பாதி முழுவதும் சிவப்பு, கீழ்ப்பாதி முழுவதும் கறுப்பு. சாயங்கால வானமும் இருட்டிவிட்ட கரையும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையும் தோளும் வானத்தில், மடித்த காலும் புடவையும் கரையில். அவள் மட்டும் வெள்ளை. நாடகத்தின் பெயர் கீழே அதே வெள்ளையில். மற்ற விவரமெல்லாம் அடியில் ஒரு மெல்லிய பட்டையில், பொடி எழுத்தில்.

காப்பி டம்ளர்கள் மட்டும் ஏறி இறங்கின.

“ரொம்ப இடம் வேஸ்டா கிடக்கேம்மா,” என்றார் பொருளாளர். “தலைமை தாங்குறவர் பேர் எங்க?”

“பேர் போட்டா அவ உக்கார இடம் இருக்காது, சார்,” என்றாள் சித்தி.

பாங்க் சார் கிட்டே போய்ப் பார்த்தார். “பொண்ணு வாயே திறக்கலையே. இது பாட்டு நாடகம்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இனிமேத்தான் பாடப் போறா, சார்.”

இது பதிலா என்கிற மாதிரி எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவுக்கும் படம் பிடிபடவில்லை. ஆனால் மைத்துனியை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சரி, இந்தத் தடவை இப்படியே இருக்கட்டும். செயலாளர் பேராவது அடியில போடு. பி.ஏ.ன்னும் சேத்துடும்மா,” என்றார். ஆக, அந்தப் போஸ்டரில் இருந்த ஒரே மனிதப் பெயர் எங்கள் அப்பாவுடையது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது.

ரயில்வேயில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, ரயில் பெட்டித் தரையில் ஒட்டுகிற லினோலியம் இரண்டு பெரிய துண்டு கொண்டுவந்து தந்தார். கழித்துப் போட்டதுதான். சித்தி பழைய குடைக் கம்பிகளை அம்மிக்கல்லில் தீட்டி உளியாக்கிக்கொண்டு அந்த லினோலியத்தில் படத்தை அச்சுக்கட்டையாகச் செதுக்கினாள். ஒரு நிறத்துக்கு ஒரு துண்டு. வெள்ளையாக வரவேண்டிய இடத்தைத் தோண்டி எடுத்துவிட வேண்டும், மை படவே கூடாது. எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டியிருந்தது. நான் அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சரியாக இருக்கிறதா என்று வாசித்துச் சொன்னேன். சீவி விழுந்த சுருள்களை நான் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தேன். எதற்கு என்று இப்போதும் தெரியவில்லை.

அச்சாகி வந்த கட்டு, ஒட்டுவதற்கு முந்தின சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தது. சணலை அறுத்து முதல் தாளை விரித்த சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. தலைகீழாக மை ஏற்றியிருந்தார்கள். ஓடிப் போய்க் கேட்டதற்கு அச்சகக்காரருக்குக் குற்றம் என்னவென்றே புரியவில்லை.

“மேல கறுப்பு, கீழ செவப்பு. அதானேம்மா கரீட்டு? ஒரு மாசமா அப்டித்தான அடிச்சிகினு கீறேன்.”

அந்த மாசத்தில் எங்கள் ஊர்ச் சுவர்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கறுப்பும் கீழே சிவப்புமாகக் கொடி பறந்த காலம். அவருடைய கை அதற்குப் பழகிவிட்டது. கட்டையைப் பூட்டியதும் கை தானாக மையை எடுத்திருக்கிறது.

சித்தி திரும்பி வந்தாள். வீட்டில் ஒரு தாளைச் சுவரில் குத்திவிட்டு எட்ட நின்று பார்த்தாள். நானும் பக்கத்தில் நின்றேன். சாயங்கால வானம் போய் ராத்திரி வந்திருந்தது. கரை மண் யாரோ தீ மூட்டினதைப் போலச் சிவந்திருந்தது. அந்தப் பெண்ணின் முகம் இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக வெளியே வந்தது. வெள்ளை மை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை, வெறும் காகிதம்தான் என்பது எனக்குத் தெரியும். நானே பக்கத்தில் இருந்து பார்த்த வேலை. இருந்தும் அந்த வெள்ளை மற்ற இரண்டையும் விடப் பளிச்சென்று இருந்தது. ஒன்றும் செய்யாமல் விட்ட இடம்தான் முகமாக ஆகியிருந்தது.

“நான் நினைச்சதைவிட இது நல்லா இருக்கு,” என்றாள் சித்தி, கொஞ்சம் எரிச்சலோடு. அப்பா அன்றைக்கு ஆபீசில் வருஷாந்திரக் கணக்குத் தணிக்கை என்று தாமதமாக வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டார். போஸ்டரை அவர் பார்க்கவில்லை. காலனிப் பையன்கள் விடியற்காலையில் மைதாப் பசை வாளியோடு போய் ஸ்டேஷன், மார்க்கெட், ஜி.எஸ்.டி. ரோடு என்று எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

அன்று காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது வாசலில் கட்சித் துண்டு போட்ட ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“சார், நீங்க நம்ம ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? கெவுருமென்ட் உத்தியோகத்துல இருந்துகினு தைரியமா பேரு போட்டு ஒட்டியிருக்கீங்களே. ஜோரா கீது சார். நாடகத்துக்கு நம்ம பசங்க எல்லாம் வராங்க.”

அப்பாவின் ஒரு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே காய்ந்தது. அவர் மத்திய சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சர்க்கார் ஊழியர் எந்தக் கட்சிப் பக்கமும் சாயக்கூடாது, சாய்ந்ததாகப் பெயர் வந்தாலே போதும். வாழைப்பழத்தை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் நின்றார். நாங்கள் அதைச் சாப்பிட்டோம், நல்ல மலைப்பழம்.

அரை முகச் சவரத்தை அவசரமாக முடித்துக்கொண்டு அப்பா ஸ்டேஷனுக்கு ஓடினார். பள்ளிக்கூடம் போகிற வழி அதுதான் என்பதால் நானும் பின்னால் ஓடினேன். ஒரு போஸ்டரில் யாரோ எதிர்க்கட்சிக்காரர்கள் சாணி அடித்திருந்தார்கள். நல்லதாக இருந்த இன்னொன்றின் முன்னால் அப்பாவின் ஆபீஸ் சூப்பிரண்டு நின்றுகொண்டிருந்தார்.

சூப்பிரண்டு சாரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில் வீடு. வெள்ளை பேண்ட், கையில் குடை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது கோட்டும் இருக்கும். யாரிடமும் அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அந்தப் போஸ்டரின் முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். குனிந்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படிக்கப் போனார். அதற்குள் பீச் போகிற மின்சார ரயில் வந்து, நின்று, புறப்பட்டும் போய்விட்டது. ஒரு நாளும் ரயிலைத் தவறவிடாத மனிதர் அசையவில்லை. அப்பா பால் பூத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். என் கையை அவர் பிடித்திருந்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது.

அன்று மாலை வீட்டில் அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

“உங்க அண்ணனுக்குத் தந்தி குடுத்தாச்சு,” என்றார் அம்மாவிடம். “நாடகத்துக்கு மறுநாள் காலைல வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. இவ பெட்டியை அடுக்கி வை. என் வேலை போனா இந்தக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊத்த ரைஸ் மில்காரன் வருவானா?”

“கலரை மாத்தினது நான் இல்ல, அத்தான்,” என்றாள் சித்தி.

“தெரியும்மா. ஆனா மாத்தினப்புறம் ஒட்டச் சொன்னது யாரு?”

அழகாக இருந்ததால் ஒட்டச் சொன்னேன் என்று சித்தி எப்படிச் சொல்வாள்? அம்மா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினாள். மறுநாள் அது பூட்டிய பூட்டோடு கூடத்து மூலையில் இருந்தது. சாவி அம்மாவின் இடுப்பில். சித்தியின் பிரஷ்கள் மட்டும் இன்னும் ஜன்னலோரம் மருந்து பாட்டிலில் நின்றுகொண்டிருந்தன. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்தினால் அதையும் பெட்டியில் வைத்துவிடுவாளோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? போஸ்டரை எல்லாம் கிழிக்கச் சொன்னால் நாடகத்துக்கு ஆள் வராது. அதனால் ஒரு கட்டு வெள்ளைத் தாளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி, பசைக் கிண்ணத்தோடு என்னையும் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு போஸ்டரிலும் தன் பெயர் மேல் மட்டும் ஒட்டிக்கொண்டே போனார். அதனால் வந்த வினை, அதுவரை அந்தப் பொடி எழுத்தை ஏறிட்டும் பார்க்காதவர்கள்கூட, மறைத்திருக்கிறதே, யார் பெயர் என்று சீட்டைச் சுரண்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். மார்க்கெட் சுவரில் ‘பி.ஏ.’ மட்டும் வெளியே தெரிந்தது. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிக்கத் தோன்றியிருக்காது. அவருடைய பயம் வெறும் பயம் என்று நான் இப்போதும் சொல்லமாட்டேன்.

நாடகத்தன்று பள்ளிக்கூடத்துக் கொட்டகை நிறைந்து வழிந்தது. கட்சிக்காரர்கள் தங்கள் நாடகம் என்று நினைத்து வந்திருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் அது என்ன நாடகம் என்று பார்க்க வந்திருந்தார்கள். காலனிக்காரர்களுக்குத்தான் உட்கார இடமில்லை. அப்பா திரைக்குப் பக்கத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சூப்பிரண்டு சார் மனைவியோடு உள்ளே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீங்கதான் இந்த மன்றத்துக்கு செக்ரட்டரியா? ரெண்டு நாளா எல்லாரையும் விசாரிச்சிட்டிருக்கேன். அன்னைக்கு அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குப் பிடிபடல, மறுநாள் வந்து பாத்தா மேல வெள்ளைச் சீட்டு. பேரை ஏன் சார் மறைச்சிட்டீங்க?”

அப்பா கைக்குட்டையைச் சட்டைப் பையில் திணித்தார். “சார், அது பிரஸ்காரன் செஞ்ச தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியாது. வரைஞ்ச பொண்ணை நாளைக்கே ஊருக்கு அனுப்பிடறேன் சார்.”

“ஊருக்கா? எதுக்கு?” சூப்பிரண்டு சாருக்கு நிஜமாகவே புரியவில்லை. “அந்தப் போஸ்டர் ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கத்தான் வந்தேன். எங்க சர்ச் கொயர் பாடிப் பழகுற ரூம்ல மாட்டணும். பாடறதுக்கு முன்னால மூச்சை எடுங்கன்னு நானும் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன், ஒருத்தனும் கேக்க மாட்டேங்கறான். இந்தப் பொண்ணு எடுக்கறா பாருங்க. தோள் லேசா ஏறியிருக்கு, கழுத்து நீண்டிருக்கு, வாய் இன்னும் திறக்கல. அடுத்த நொடி பாட்டு வந்துடும். அதைக் கேட்டுட்டுப் போலாம்னு நின்னு எனக்கு ரயிலே போச்சு.”

பக்கத்தில் நின்ற பாங்க் சார் திரும்பிப் பார்த்தார். சித்தி திரைக்குப் பின்னால் யாருக்கோ சடை பின்னிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

அப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்தக் கலரு, சார்…” என்றார்.

“கலரா?” சூப்பிரண்டு சார் யோசித்தார். “ஆமா, எல்லாச் சுவத்துலயும் அதே கறுப்பு சிவப்புதான். இது ஒண்ணுலதானே சார் ஒரு ஆள் உக்காந்திருந்தா?”

அவர் போய் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மணி அடித்தது, திரை விலகியது. கதாநாயகியாக நடித்த காலனிப் பெண் கரையில் வந்து உட்கார்ந்தாள். பாடத் தொடங்குவதற்கு முன், போஸ்டரில் இருந்த மாதிரியே தோளை லேசாக உயர்த்தி மூச்சை இழுத்தாள். கொட்டகை அடங்கிவிட்டது. பாட்டு வந்ததும், என் தலைக்கு மேலே அப்பா நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவ்வளவு நேரமும் அவர் மூச்சு விட்டாரா என்றே எனக்குச் சந்தேகம். பாட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்சிக்காரர்களும் கை தட்டினார்கள். கட்சிக் கருத்து எந்த இடத்தில் வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா அதிசயமாகப் பேசிக்கொண்டே வந்தார். “மூச்சு எடுக்கறான்னு எங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“இனிமேத்தான் பாடப் போறான்னு சொன்னேனே, அத்தான்.”

“சொன்னே, சொன்னே. சரி, அடுத்த வருஷம் நீலம் இருக்கான்னு அந்தப் பிரஸ்காரனை முன்கூட்டியே கேட்டு வை.”

அடுத்த வருஷம் என்று அப்பா சொன்னதும் சித்தி என் தோளில் வைத்திருந்த கை கொஞ்சம் கனத்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். அவள் அழவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா நேரே கூடத்து மூலைக்குப் போனார். “மச்சான் காலைல வந்தா நல்லா ஒரு சாப்பாடு போட்டு அனுப்பிடலாம். இந்தப் பெட்டியை முதல்ல மேல ஏத்திடறேன்.” வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் பெட்டியின் காதுகளைப் பிடித்துப் பலமாகத் தூக்கினார். பெட்டி சர்ரென்று மேலே வந்து அவர் மோவாயில் இடித்தது. அப்பா தடுமாறிப் பின்னால் போய் நின்றார். பெட்டியை ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

“அடுக்கி வைன்னு சொன்னேனே,” என்றார்.

அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். “பூட்டி வெச்சேன்,” என்றாள். “கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது.”